சிறுபட அணி

சிறுபட அணி என்பது ஒரே வகையான பல சிறிய தரவு வரைபடங்களை ஒரே பக்கத்தில் கிடைவரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் அடுக்கிக் காட்டும் முறை ஆகும். ஆங்கிலத்தில் இது ஸ்மால் மல்டிபிள்ஸ் எனப்படுகிறது. அணியின் ஒவ்வொரு கட்டமும் தரவின் ஒரு பகுதியைக் காட்டும். அது ஓர் ஊராகவோ, ஓர் ஆண்டாகவோ, ஒரு பயிர் வகையாகவோ இருக்கலாம். கட்டத்துக்குக் கட்டம் மாறுவது தரவு மட்டுமே. அச்சுகள், குறியீடுகள், நிறங்கள் ஆகியவை மாறுவதில்லை. எனவே முதற் கட்டத்தைப் படிக்கத் தெரிந்துகொண்ட ஒருவர் எஞ்சிய கட்டங்களைத் தனி விளக்கம் இன்றியே படித்துவிடலாம்.

இன்று இத்தகைய அணிகள் பெரும்பாலும் ஆர், பைத்தான், மேட்லாப் போன்ற மொழிகளில் எழுதப்படும் நிரல்களைக் கொண்டு வரையப்படுகின்றன. நிரலில் இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுவதால் இதனை வெறும் பக்க அமைப்பு வேலையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் எந்த மாறியைக் கட்டத்துக்குள் வைப்பது, எதனைக் கொண்டு கட்டங்களைப் பிரிப்பது, அச்சுகளைப் பொதுவாக்குவதா தனித்தனியே விடுவதா, கட்டங்களை எவ்வரிசையில் நிறுத்துவது என்பனவற்றைப் பொறுத்தே படிப்பவர் தரவில் எதைக் காண்பார், எதைக் காணாமல் விடுவார் என்பது அமைகிறது.

பெயர்

இம்முறையின் ஆங்கிலப் பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்டு டஃப்டி. 1983இல் வெளியான அவரது முதல் வரைபடவியல் நூலிலும் 1990இல் வெளியான அடுத்த நூலிலும் இது விரிவாகப் பேசப்படுகிறது. மென்பொருள்களில் இதே கருத்து வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது. பெல் ஆய்வகத்தில் உருவான எஸ் மொழியில் இது டிரெல்லிஸ் எனப்பட்டது. கொடி படர்வதற்குத் தோட்டத்தில் நிறுத்தும் பின்னல் தட்டியை அச்சொல் குறிக்கும். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 பொதியில் இது ஃபேசட் எனவும், மேட்லாபிலும் பைத்தானின் மேட்பிளாட்லிப் நிரலகத்திலும் கட்டங்கள் சப்பிளாட் எனவும் அழைக்கப்படுகின்றன.

இச்சொற்கள் முற்றிலும் ஒரே பொருளன அல்ல. ஃபேசட், டிரெல்லிஸ் ஆகியவை ஒரே தரவைப் பிரித்து ஒரே வகை வரைபடமாக அடுக்குவதைக் குறிப்பவை. சப்பிளாட் என்பது பக்கத்தில் ஓர் இடம் மட்டுமே. அதன் ஒரு கட்டத்தில் கோட்டு வரைபடமும் அடுத்ததில் பட்டை வரைபடமும் இருக்கத் தடையில்லை. வெவ்வேறு வகை வரைபடங்களைக் கலந்து அடுக்குவது சிறுபட அணி ஆகாது.

முன்னோடிகள்

கணினிக்கு வெகு காலம் முன்பே இம்முறை கையாளப்பட்டுள்ளது. பிரான்சிசு கால்ட்டன் 1863இல் வெளியிட்ட மெட்டியரோகிராபிக்கா என்னும் நூல் இதற்குச் சிறந்த சான்று. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்த வானிலை நோக்கர்களிடமிருந்து 1861 திசம்பர் மாதத் தரவுகளைக் கேட்டுப் பெற்ற கால்ட்டன், அம்மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் 3 கிடைவரிசை, 3 நெடுவரிசை கொண்ட சிறு நிலப்படங்களின் அணி ஒன்றை வரைந்தார். காற்றழுத்தம், காற்றும் மழையும், வெப்பநிலை ஆகியவை ஒரு திசையிலும், நாளின் மூன்று பொழுதுகள் மறுதிசையிலும் அமைந்தன. 31 நாட்களின் அணிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தாழ்வழுத்தப் பகுதியைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசுவதும், உயரழுத்தப் பகுதியைச் சுற்றி அது வலஞ்சுழியாக வீசுவதும் புலப்பட்டன. இரண்டாவது நிகழ்வு எதிர்ச்சூறாவளி எனப் பெயர் பெற்றது. தனியொரு நாளின் படத்தில் இது தற்செயலாகத் தோன்றியிருக்கக்கூடும். அடுத்தடுத்த நாட்களின் படங்கள் ஒரே அளவில், ஒரே குறியீட்டில் அருகருகே இருந்ததே அதனை ஒழுங்காகக் காட்டியது.

அமெரிக்காவின் 1870ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பைக் கொண்டு பிரான்சிசு வாக்கர் 1874இல் வெளியிட்ட புள்ளியியல் படத்தொகுப்பிலும் மாநிலத்துக்கு ஒன்றாகச் சிறுபடங்கள் அடுக்கப்பட்டுள்ளன. கையால் வரைந்த காலத்தில் ஒவ்வொரு கட்டமும் தனி உழைப்பைக் கோரியதால் இத்தகைய படைப்புகள் அரிதாகவே இருந்தன.

மின்னசோட்டா வாற்கோதுமைத் தரவு

கட்டங்களை அடுக்கும் விதம் எந்த அளவுக்கு முடிவுகளைப் பாதிக்கும் என்பதற்கு இத்துறையில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வாற்கோதுமைத் தரவாகும். 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் 10 வாற்கோதுமை வகைகள் 6 ஆய்வுப் பண்ணைகளில் பயிரிடப்பட்டு, ஏக்கருக்கு எத்தனை புசல் விளைந்தது எனக் கணக்கிடப்பட்டது. ஆக மொத்தம் 120 எண்கள். இம்மர், ஹேய்ஸ், பவர்ஸ் ஆகியோர் 1934இல் இதனை வெளியிட்டனர். புள்ளியியலறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதன் ஒரு பகுதியை 1935இல் வெளியான தமது சோதனை வடிவமைப்பு நூலில் எடுத்தாண்டார். அதன் பின்னர் இத்தரவு பலராலும் மீண்டும் மீண்டும் பகுப்பாய்வு செய்யப்பட்டது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1993இல் வெளியான தமது நூலில் வில்லியம் கிளீவ்லாந்து இதே தரவைச் சிறுபட அணியாக வரைந்தார். பண்ணைக்கு ஒரு கட்டமாக 6 கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நெடுவரிசையில் நின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் 10 வகைகளுக்கு 10 வரிகள். ஒவ்வொரு வரியிலும் 1931க்கு ஒரு குறி, 1932க்கு வேறொரு குறி. விளைச்சலைக் காட்டும் கிடையச்சு ஆறு கட்டங்களுக்கும் பொதுவானது. ஐந்து பண்ணைகளில் 1931ஆம் ஆண்டின் குறிகள் பொதுவாக வலப்புறம், அதாவது மிகுந்த விளைச்சலில் இருந்தன. மோரிஸ் என்னும் பண்ணையில் மட்டும் இது தலைகீழாக இருந்தது. அங்கே 1932ஆம் ஆண்டே முந்தி நின்றது. மோரிசின் ஆண்டுகளை இடம் மாற்றிவிட்டால் அக்கட்டம் மற்றவற்றோடு பொருந்திவிடும். எனவே மோரிஸ் தரவில் இரண்டு ஆண்டுகளும் தவறுதலாக மாறிப்போயிருக்க வேண்டும் என்று கிளீவ்லாந்து வாதிட்டார்.

இங்கு கவனிக்கத்தக்கது, அதே 120 எண்களை வேறு விதமாக அடுக்கியிருந்தால் இப்பிறழ்வு எளிதில் தெரிந்திருக்காது என்பதாகும். ஆண்டையும் கட்டம் பிரிக்கும் மாறியாகக் கொண்டு, 1931க்கு ஒரு நெடுவரிசையும் 1932க்கு ஒரு நெடுவரிசையும் அமைத்திருந்தால், படிப்பவர் ஒரு கட்டத்தின் புள்ளிகளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குக் கண்ணை நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளும் ஒரே வரியில் அருகருகே இருந்ததனாலேயே திசை மாற்றம் பளிச்செனத் தெரிந்தது. ஒரே கட்டத்துக்குள் இருப்பவை துல்லியமாக ஒப்பிடப்படுகின்றன. வெவ்வேறு கட்டங்களில் இருப்பவை வடிவ அளவிலேயே ஒப்பிடப்படுகின்றன. ஆகவே ஆய்வின் முதன்மைக் கேள்வி எதுவோ, அதற்கான மாறியைக் கட்டத்துக்குள் வைப்பதே தக்கது.

கட்டங்களின் வரிசைக்கும் இதில் பங்குண்டு. கிளீவ்லாந்து பண்ணைகளை அகரவரிசையில் அடுக்காமல் விளைச்சலின் இடைநிலை அளவைக் கொண்டு அடுக்கினார். கீழே கிராண்டு ராபிட்ஸ், மேலே வசீக்கா, இடையில் மற்றவை. இதனால் புள்ளிகள் கீழிருந்து மேலாக வலப்புறம் நகரும் ஓர் ஒழுங்கு உண்டாகிறது. ஒழுங்கு இருக்குமிடத்தில்தான் பிறழ்வும் கண்ணில் படும்.

இக்கதை அத்துடன் முடியவில்லை. 2013இல் கெவின் ரைட் இத்தரவின் மூலங்களைத் தேடி, 1927 முதல் 1936 வரையிலான விளைச்சல் பதிவுகளையும் வானிலைப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிசியன் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்டுக்கு ஆண்டு, பண்ணைக்குப் பண்ணை இத்தகைய ஏற்ற இறக்கங்கள் இயல்பாகவே நிகழ்ந்துள்ளன என்றும், மோரிஸ் தரவு பிழையானது எனக் கொள்ள வேண்டியதில்லை என்றும் அவர் காட்டினார். ஆறு கட்டங்கள் கொண்ட படம் ஒரு வினாவைச் சரியாக எழுப்பியது. ஆனால் அவ்வினாவுக்கு விடை கூறும் அளவுக்கு அதில் தரவு இருக்கவில்லை. பாடநூல்கள் சிலவற்றில் மோரிஸ் இன்றும் ஐயத்துக்கு இடமில்லாத பிழையாகவே கூறப்படுவதால், அவற்றைப் படிக்கும் மாணவர்கள் ரைட்டின் கட்டுரையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பொது அச்சும் தனி அச்சும்

1984இல் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் வரைபடங்களிலிருந்து அளவுகளை எவ்வளவு சரியாக மதிப்பிடுகின்றனர் என்பதை ஆராய்ந்தது. பொதுவான ஓர் அளவுகோலின்மீது புள்ளிகளின் நிலையை ஒப்பிடுவதே மிகச் சரியாகச் செய்யப்படுகிறது. ஒரே மாதிரியான, ஆனால் வேறிடங்களில் உள்ள அளவுகோல்களில் ஒப்பிடுவது அதற்கு அடுத்த நிலையில் உள்ளது. சிறுபட அணி இவ்விரண்டையும் நம்பியே இயங்குகிறது. அளவுகோல்கள் ஒரே மாதிரி இல்லையெனில் அடித்தளமே இல்லாமற் போகும்.

பிரான்சிசு ஆன்சுகோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கிடையளவின் சராசரி 9. குத்தளவின் சராசரி 7.5; ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82, பொருத்தப்படும் நேர்கோட்டின் சாய்வு 0.5. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளைகோடு, ஒன்று ஒரேயொரு புள்ளி விலகிய நேர்கோடு, மற்றொன்று ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்பது. நான்கையும் பொது அச்சுகளுடன் வரையும்போது நேர்கோடு நான்கு கட்டங்களிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழும். ஆன்சுகோமின் கருத்து அப்போதுதான் முழுமையாக விளங்கும். தனி அச்சுகளுடன் வரைந்தால், நான்காம் தொகுதியின் கிடையளவு 8 முதல் 19 வரையும் மற்றவற்றின் கிடையளவு 4 முதல் 14 வரையும் விரிவதால், ஒரே கோடு வெவ்வேறு சாய்வுகளில் தோன்றும். சமமானவற்றைச் சமமற்றவையாகக் காட்டும் படம் கிடைக்கும்.

எனினும் பொது அச்சு எப்போதும் சரியானது என்று கூற இயலாது. சிரபுஞ்சியில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 200 மில்லிமீட்டரே. இரண்டு ஊர்களின் மாத மழையளவைப் பொது அச்சில் வரைந்தால் ஜெய்சல்மேரின் கட்டம் தரையோடு ஒட்டிய ஒரு கோடாகிவிடும். அங்கும் மழை தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களிலேயே குவிகிறது என்பது தெரியாது. தனி அச்சில் வரைந்தால் இரு கட்டங்களிலும் ஒரே உயரத்தில் ஒரு மேடு தெரியும். பாலைவன நகரம் சிரபுஞ்சியைப் போல் நனைகிறது என்று கவனமற்றவர் எண்ணக்கூடும். எவ்வளவு மழை என்பது கேள்வியானால் பொது அச்சும், எப்போது மழை என்பது கேள்வியானால் தனி அச்சும் பொருந்தும். தனி அச்சைக் கையாளும்போது அதனைத் தலைப்பிலேயே குறிப்பிட்டுவிடுவது முறை. ஒவ்வொரு மாதத்தையும் ஆண்டு மொத்தத்தின் நூற்றுவீதமாக மாற்றிப் பொது அச்சில் வரைவது இவ்விரண்டையும் விட நேர்மையான வழியாகும்.

நிரல்வழி அமைத்தல்

மேற்கூறிய தெரிவுகளை நிரலர் செய்யாவிட்டால் மென்பொருளே செய்துவிடுகிறது. அதன் இயல்பிருப்பு மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும்.

ஆர் மொழியின் அடிப்படை வரைகலையில் பார் என்னும் செயற்கூற்றின் எம்எஃப்ரோ அளபுருவுக்குக் கிடைவரிசை, நெடுவரிசை எண்ணிக்கைகளைத் தந்தால், அதன் பின் வரையப்படும் படங்கள் ஒவ்வொரு கட்டமாக இடமிருந்து வலமாக நிரம்பும். எம்எஃப்கோல் எனத் தந்தால் மேலிருந்து கீழாக நிரம்பும். இரண்டுக்கு இரண்டு அணியில் எழுத்தின் அடிப்படை அளவு தானாகவே 0.83 மடங்காகவும், மூன்றோ அதற்கு மேலோ வரிசைகள் வந்தால் 0.66 மடங்காகவும் சுருங்கும். எழுத்து ஏன் திடீரெனச் சிறுத்தது என்று திகைப்பவர்களுக்கு விடை இதுவே. இம்முறையில் ஒவ்வொரு படமும் தனக்கென அச்சை வகுத்துக்கொள்ளும். பொது அச்சு வேண்டுமாயின் எல்லைகளை நிரலர்தான் தர வேண்டும். சமமற்ற கட்டங்களுக்கு லேஅவுட் என்னும் செயற்கூறு உள்ளது.

தீபாயன் சர்க்கார் எழுதிய லேட்டிஸ் பொதி, டிரெல்லிஸ் கருத்தை ஆர் மொழிக்குக் கொண்டுவந்தது. இதில் சூத்திரத்தின் இறுதியில் ஒரு நெட்டுக்கோடு இட்டு, அதன் பின் கட்டம் பிரிக்கும் மாறியை எழுதினால் போதும். வாற்கோதுமைத் தரவும் இப்பொதியுடனேயே வருவதால் மாணவர்கள் கிளீவ்லாந்தின் படத்தைத் தாமே வரைந்து பார்க்கலாம். இரண்டு இடங்களில் இது மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. அணியின் அளவைத் தரும்போது நெடுவரிசை எண்ணிக்கை முதலில் வரும். எம்எஃப்ரோவில் கிடைவரிசை எண்ணிக்கை முதலில். மேலும் கட்டங்கள் கீழ் இடது மூலையிலிருந்து மேல்நோக்கி நிரம்பும். அச்சு கீழிருந்து மேலாக உயர்வது போலவே கட்டங்களும் உயர வேண்டும் என்பது இதன் தருக்கம். எனினும் பத்தி படித்துப் பழகிய கண்ணுக்கு இது இடறும்.

ஹாட்லி விக்காமின் ஜிஜிபிளாட்2 பொதி 2007இல் வெளியானது. இதில் ஃபேசட் ரேப் என்னும் செயற்கூறு ஒரு மாறியின் கட்டங்களை வரிசையாக நிரப்பி மடக்கும். ஃபேசட் கிரிட் இரு மாறிகளைக் கிடையாகவும் நெடுக்காகவும் குறுக்கிடச் செய்யும். நிரப்புதல் மேல் இடது மூலையில் தொடங்கும். இயல்பிருப்பு பொது அச்சாகும். தனி அச்சு வேண்டுவோர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். தவறான ஒப்பீட்டைச் செய்வதற்கு நிரலர் ஒரு சொல்லாவது கூடுதலாக எழுத வேண்டும் என்பதால் இது நல்ல ஏற்பாடு எனலாம். வெவ்வேறு வகைப் படங்களைச் சேர்த்து ஒரு பக்கமாக்க, தாமஸ் லின் பெடர்சன் 2019இல் வெளியிட்ட பேட்ச்வொர்க் பொதி உதவுகிறது. இதில் இரு படங்களுக்கிடையே நெட்டுக்கோடு இட்டால் அவை அருகருகேயும், சாய்கோடு இட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அமையும்.

ஜான் ஹன்டர் தொடங்கிய மேட்பிளாட்லிப் மேட்லாபின் வழக்கங்கள் பலவற்றைப் பின்பற்றியது. இதில் சப்பிளாட் என்னும் ஒருமைச் செயற்கூறு கட்டங்களை 1 முதல் எண்ணும். சப்பிளாட்ஸ் என்னும் பன்மைச் செயற்கூறு எல்லாக் கட்டங்களையும் ஒரே அணியாகத் தரும். பைத்தான் வழக்கப்படி அவற்றின் எண் 0இல் தொடங்கும். ஒரேயொரு கிடைவரிசை கேட்டால் இருபரிமாண அணிக்குப் பதிலாக ஒருபரிமாண அணியும், ஒரேயொரு கட்டம் கேட்டால் அணியே இல்லாமல் தனிக் கட்டமும் கிடைக்கும். 4 ஊர்களுக்கு நன்றாக ஓடிய நிரல் ஓர் ஊருக்குப் பிழை காட்டுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஸ்குவீஸ் என்னும் அளபுருவை அணைத்து வைத்தால் எப்போதும் இருபரிமாண அணியே கிடைக்கும். இங்கு இயல்பிருப்பு தனி அச்சாகும். ஷேர்எக்ஸ், ஷேர்ஒய் ஆகிய அளபுருக்களை இயக்கினால்தான் அச்சுகள் பொதுவாகும். ஆன்சுகோம் தொகுதிகளை இந்நிரலகத்தில் முதன்முறை வரைபவருக்கு மேலே கூறிய தவறான படமே கிடைக்கும்.

2020இல் வெளியான 3.3 பதிப்பில் சப்பிளாட் மொசைக் என்னும் செயற்கூறு சேர்ந்தது. இதில் பக்கத்தின் அமைப்பை எழுத்துகளாலேயே வரையலாம். முதல் வரியில் அஅ என்றும் இரண்டாம் வரியில் ஆஇ என்றும் தந்தால், மேலே முழு அகலத்தில் ஒரு கட்டமும் கீழே இரண்டு கட்டங்களும் உருவாகும். பின்னர் ஒவ்வொரு கட்டத்தையும் அதன் எழுத்தைக் கொண்டே அழைக்கலாம். தமிழ் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் ஒருங்குறியில் ஒரே குறியீடாக இருப்பதால் இங்குச் சிக்கலின்றிப் பயன்படும். கி, கு போன்ற உயிர்மெய்கள் இரண்டு குறியீடுகளால் ஆனவை. நிரலகம் அவற்றை இரண்டு கட்டங்களாகப் பிரித்துவிடும். அவற்றையோ முழுச் சொற்களையோ பெயராக வைக்க விரும்பினால் சரத்துக்குப் பதிலாகப் பட்டியலாகத் தர வேண்டும். கட்டங்களின் தலைப்பைத் தமிழில் இடுவோர் எழுத்துருவையும் மாற்ற வேண்டும். இயல்பிருப்பான டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் வரிவடிவங்கள் இல்லாததால் வெற்றுச் சதுரங்களே தோன்றும். எழுத்துருவை மாற்றிய பின்னும், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி இல்லாத பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்தின் வலப்பக்கம் சென்று நிற்பதுண்டு.

அளவும் வரிசையும்

மேட்பிளாட்லிப்பின் இயல்பிருப்புப் படம் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்டது. அதில் 3 கிடைவரிசை, 4 நெடுவரிசையாக 12 மாதங்களை அடுக்கினால் கட்டத்துக்குக் கிடைப்பது 1.6 அங்குலச் சதுரமே. அச்சு எண்களும் தலைப்பும் அதற்குள் அடங்க வேண்டும். எனவே அணியைக் கேட்கும்போதே படத்தின் அளவையும் பெருக்கிக் கேட்பது வழக்கம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத் தவிர்க்க டைட் லேஅவுட் என்னும் வசதியும், 2018இல் சேர்ந்த கன்ஸ்ட்ரெயின்டு லேஅவுட் என்னும் வசதியும் உள்ளன. பொது அச்சு இருக்குமாயின் எண்களை ஓரக் கட்டங்களில் மட்டும் இட்டு உட்கட்டங்களில் நீக்கிவிடலாம். குறிவிளக்கமும் அணி முழுமைக்கும் ஒன்றே போதும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கையில், குத்தளவுகளை ஒப்பிட வேண்டியிருந்தால் கட்டங்களைக் கிடைவரிசையில் நீட்டுவதும், கிடையளவுகளை ஒப்பிட வேண்டியிருந்தால் நெடுவரிசையில் அடுக்குவதும் பயன்தரும். காலத்தைக் கிடையச்சில் கொண்ட வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் ஒரே நாளில் நிகழ்ந்தவை ஒரே செங்குத்துக் கோட்டில் அமையும். கிளீவ்லாந்து ஆறு பண்ணைகளையும் ஒரே நெடுவரிசையில் நிறுத்தியதும் விளைச்சல் கிடையச்சில் இருந்ததனால்தான்.

கட்டங்களின் வரிசையைப் பொறுத்தவரை, ஆர் மொழி எழுத்துவகை மாறிகளை அகரவரிசையில் அடுக்குவதை இயல்பிருப்பாகக் கொண்டுள்ளது. ஊர்ப் பெயரின் முதலெழுத்துக்கும் அங்கு விளையும் கோதுமைக்கும் தொடர்பேதும் இல்லை. ரீஆர்டர் என்னும் செயற்கூற்றால் இடைநிலை அளவைக் கொண்டோ, வேறு ஓர் அளவைக் கொண்டோ இதனை மாற்றலாம். குறிப்பிட்ட ஊரைத் தேடிப் பார்க்கும் பயனர்களுக்கான படமாயின் அகரவரிசையே வசதியானது. ஆண்டு, மாதம் போன்ற இயல்பான வரிசை உடையவற்றை மாற்றக்கூடாது. மாதப் பெயர்கள் அகரவரிசைக்கு உட்பட்டு ஏப்ரல் முதலாவதாக வந்து நிற்கும் படங்கள் மாணவர் ஏடுகளில் அடிக்கடி காணப்படுகின்றன.

வரம்புகள்

இரண்டு அல்லது மூன்று தொடர்களை மட்டும் துல்லியமாக ஒப்பிட வேண்டியிருந்தால் அவற்றை ஒரே கட்டத்தில் வரைவதே சிறந்தது. கோடுகள் பின்னிக்கொண்டு எது எதுவென்று தெரியாமற் போகும் நிலையில்தான் அணி தேவைப்படுகிறது. கட்டங்களைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் எஞ்சும் தரவு குறைகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயிரம் புள்ளிகளை ஐம்பது கட்டங்களில் பிரித்தால் கட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகளே. அவற்றில் தற்செயலாகத் தோன்றும் ஏற்றத்தாழ்வுகளும் பொருளுள்ள வடிவங்கள் போல் தெரியும். ஐம்பதில் ஒன்றிரண்டு கட்டங்கள் விலகி நிற்பது இயல்பே. இதனைக் குறைக்க, எல்லாக் கட்டங்களின் தரவையும் சாம்பல் நிறத்தில் பின்னணியாக ஒவ்வொரு கட்டத்திலும் வரைந்து, அக்கட்டத்துக்கு உரியதை மட்டும் அழுத்தமான நிறத்தில் காட்டுவதுண்டு. ஜிஜிபிளாட்2இல் பின்னணி அடுக்குக்குத் தரும் தரவிலிருந்து கட்டம் பிரிக்கும் மாறியை நீக்கிவிட்டால், அவ்வடுக்கு தானாகவே எல்லாக் கட்டங்களிலும் வரையப்படும்.